சக்திக்கு உட்பட்ட சுத்தம்

திருச்சி பெரிய கடைவீதியை ஒட்டிய பள்ளிவாசல் ஒன்றில், முதல் சஃப்பில், இமாமுக்கு நேர் பின்னால் ஒரு பெரியவர் நிற்பார். பாங்கு சொல்வதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருப்பார். சில மாதங்களுக்கு முன் அந்த இடம் காலியாயிற்று. ஒரு ஜும்ஆ போயிற்று, இரண்டாவது போயிற்று, மூன்றாவதும் போயிற்று. விசாரித்தபோது, உடம்புக்கு முடியாமல் ஸ்ரீரங்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறார் என்றார்கள். நோயாளியை நலம் விசாரிப்பது முஸ்லிமுக்கு முஸ்லிம் செய்ய வேண்டிய கடமைகளில் ஒன்று. அஸர் தொழுதுவிட்டுச் சத்திரத்தில் பஸ் ஏறிக் காவிரியைக் கடந்து போனேன்.

கட்டிலில் படுத்திருந்தவர் என்னைக் கண்டதும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். "கிட்ட வராதீங்க ஹஜ்ரத். நான் சுத்தமில்லாம கிடக்கிறேன்" என்றார். கட்டிலுக்குக் கீழே ஒரு பை தொங்கியது. அதற்குப் போகும் ரப்பர் குழாயைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்தது.

ஆரம்பத்தில் பின்புறம் ஒரு பக்கமாக எரிச்சலும் கொப்புளமும் வந்திருக்கின்றன. சூட்டுக் கொப்புளம் என்று இருந்துவிட்டார். யாரோ பார்த்துவிட்டு "இது அக்கி" என்றதும், நம் பக்கத்து வழக்கப்படி குயவர் வீட்டுக்கு அழைத்துப்போய்க் காவி குழைத்து எழுதிவிட்டு வந்தார்கள். ஐந்தாம் நாள் சிறுநீர் அடியோடு நின்றுபோயிற்று. அடிவயிறு வீங்கி, துடித்துப்போய் மருத்துவமனைக்கு ஓடினார்கள். அங்கே குழாய் போட்டு நீரை எடுத்துவிட்டு, "அக்கியின் கிருமி நரம்பைத் தாக்கிவிட்டது. பை மறுபடி வேலை செய்யும்வரை குழாய் இருக்கட்டும்" என்று சொல்லி அனுப்பினார்கள்.

மகள் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்: "அத்தா 22 நாளா தொழலை ஹஜ்ரத். தண்ணியும் சரியா குடிக்க மாட்டேங்கிறாங்க. குடிச்சா பை நிறையுதாம்."

நான் திரும்பி வந்து, "ஏன் மாமா தொழலை?" என்று கேட்டேன்.

"நீங்கதானே ஹஜ்ரத் பயான்ல சொன்னீங்க, கப்ருல வேதனை செய்யப்பட்ட அந்த ரெண்டு பேரைப் பத்தி? ஒருத்தர் மூத்திரத்துல பேணுதலா இல்லாதவர்னு. நானோ இருபத்தினாலு மணி நேரமும் அதையே பக்கத்துல கட்டி வச்சிருக்கேன். இந்த உடம்போட எப்படி அல்லாஹ் முன்னால நிப்பேன்?"

எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த ஹதீஸை மிம்பரில் நின்று சொன்னவன் நான்தான். சொன்னது சஹீஹான ஹதீஸ், அதில் தவறில்லை. ஆனால் அதை யாருக்குச் சொன்னேன், யாருடைய காதில் அது எப்படி விழும் என்று நினைத்துப் பார்க்கவில்லை. 22 நாட்கள், நாளுக்கு ஐந்து. 110 ஃபர்ளுகள். வித்ரையும் சேர்த்தால் 132 தொழுகைகள் தவறியிருக்கின்றன. அவற்றில் என் பங்கு எவ்வளவு?

மனிதன் எதற்குப் பொறுப்பாளி?

அந்தப் பெரியவருடைய கேள்வி வெறும் மஸ்அலா கேள்வி அல்ல. நம் விருப்பமில்லாமல் நம் உடம்பில் நடப்பதற்கு நாம் பொறுப்பா? நம் கைவசத்தில் இல்லாத ஒன்றைக் கொண்டு ஒருவனை 'அசுத்தமானவன்' என்று சொல்லலாமா? இதுதான் அதன் அடியில் உள்ள கேள்வி. இதற்கு விடை காண, முதலில் இந்த உறுப்பு எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

சிறுநீரகங்கள் இரவும் பகலும் ஓயாமல், நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 மில்லி வீதம் நீரைப் பிரித்து இறக்குகின்றன. அது சேர்ந்து நிற்கும் பை 400, 500 மில்லி வரை தாங்கும். 200 மில்லியை நெருங்கும்போதே "போக வேண்டும்" என்ற உணர்வு எழுகிறது. அந்தச் செய்தியை மேலே கொண்டுபோவதும், "இப்போது வேண்டாம், பொறு" என்ற மூளையின் கட்டளையைக் கீழே கொண்டுவருவதும், முதுகுத்தண்டின் அடிப்பாகத்திலிருந்து இறங்கும் சில மெல்லிய நரம்புகள். அந்த நரம்புகள் கெட்டால் இருவிதத் தொல்லை உண்டாகும். பை சுருங்காமல் நீர் தேங்கிப்போகும். அல்லது கட்டுப்பாடு இழந்து தானே ஒழுகும். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே வரும். பை நிரம்பி வழிந்து சொட்டும்.

நரம்பை இவ்வாறு தாக்கும் வைரஸ் கிருமிகள் பல. அக்கியைக் கொண்டுவருவது சின்னம்மையின் கிருமியே. சிறு வயதில் அம்மை இறங்கிய பிறகும் அது உடம்பைவிட்டுப் போவதில்லை. நரம்பு வேர்களில் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடந்து, முதுமையிலோ உடல் தளர்ந்தபோதோ எழுந்து, ஒரு நரம்பின் வழியே தோலுக்கு வருகிறது. அது இடுப்புக்குக் கீழுள்ள நரம்பாக அமைந்துவிட்டால் சிறுநீர் நின்றுபோகலாம். இளம்பிள்ளை வாதத்தில், நோய் கடுமையாக இருக்கும் முதல் நாட்களில் சிலருக்கு நீர் கட்டிக்கொள்வதுண்டு. அந்நோயின் கடைசி நோயாளி நம் நாட்டில் 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் காணப்பட்டார். 2014 மார்ச்சில் இந்தியா அதிலிருந்து விடுபட்ட நாடாகச் சான்று பெற்றது. நெல் வயல்களில் பெருகும் கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலை இந்தியாவில் முதன்முதலாக அறிந்தது 1955-இல், நமது வேலூரில்தான். அதில் பிழைத்தவர்களில் சிலருக்கும் இந்தத் தொல்லை உண்டு. 1980-இல் கண்டுபிடிக்கப்பட்ட எச்.டி.எல்.வி-1 என்ற வைரஸ் முதுகுத்தண்டைத் தாக்கிக் கால்களை விறைக்கச் செய்வதை, 1985-இல் மார்த்தினிக் தீவு நோயாளிகளிடம் கண்டார்கள். அவர்களில் சிலருக்கு நடை தளர்வதற்கு முன்பே சிறுநீர் அடங்காமல் போகிறது.

இவர்களில் யார் இதை விரும்பித் தேடிக்கொண்டார்? நாமெல்லாம் "அடக்கிக்கொள்கிறேன்" என்று சொல்கிறோம். அந்த அடக்கம் நம் ஒழுக்கத்தினால் வந்ததல்ல. ஒரு நூலளவு நரம்பின் மூலம் அல்லாஹ் நம்மிடம் கொடுத்து வைத்திருக்கும் அமானத் அது. கொடுத்தவன் எடுத்துக்கொண்டால் அதில் நோயாளிக்கு அவமானம் என்ன? இன்னும் எடுக்கப்படாத நமக்குப் பெருமை என்ன?

திருச்சிக்காரர்களுக்குப் புரியும் உவமை ஒன்று சொல்கிறேன். வீட்டுக் குழாயைத் திறந்து விட்டுவிட்டு உறங்கியவனிடம், "ஏன் வீடெல்லாம் தண்ணீர்?" என்று கேட்கலாம். 1977-லும் 2005-லும் நம் ஊரில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததே, அப்போது யாரையாவது அப்படிக் கேட்டோமா? ஆனால் வெள்ளம் வந்த வீட்டுக்காரனிடமும் வேறொரு கேள்வி உண்டு. முடிந்த சாமான்களை மேலே தூக்கி வைத்தாயா? நீர் வடிந்தபின் கழுவினாயா? ஆக, அவன் சக்திக்கு அப்பாற்பட்டதில் கேள்வி இல்லை. சக்திக்கு உட்பட்டதில் கேள்வி உண்டு. ஷரீஅத் வகுத்த எல்லையும் இதுவே. எந்த ஆத்மாவுக்கும் அதன் சக்திக்கு மேல் சுமை இல்லை என்பது அல்பகரா அத்தியாயத்தின் கடைசி ஆயத்து நமக்குத் தரும் உறுதி. இயன்ற அளவு அல்லாஹ்வை அஞ்சுங்கள் என்பது அத்தகாபுன் அத்தியாயத்தின் கட்டளை.

முன்னோர்கள் என்ன செய்தார்கள்?

ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) என்ற பெண்மணிக்கு உதிரம் நிற்காத நோய் இருந்தது. சுத்தமாகவே இல்லையே, தொழுகையை விட்டுவிடலாமா என்று அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் வந்து கேட்டார்கள். நம் பெரியவருடைய கேள்விதான் அது. 1400 ஆண்டுகளுக்கு முன்பே கேட்கப்பட்டுவிட்டது. நபி (ஸல்) அவர்கள், அது ஒரு நரம்பினால் வருவது, மாதவிலக்கு அல்ல என்று விளக்கி, உதிரத்தைக் கழுவிவிட்டுத் தொழும்படி பணித்தார்கள். ஒவ்வொரு தொழுகைக்கும் ஒளு செய்துகொள்ளும்படி கூறியதாகவும் ரிவாயத் உண்டு. சிறுநீர் அடங்காதவருடைய சட்டத்தையும் இதை வைத்தே ஃபிக்ஹு இமாம்கள் வகுத்தார்கள்.

ஸைத் இப்னு தாபித் (ரலி) அவர்களை அறியாதவர் யார்? வஹீயை எழுதிய கரம் அவர்களுடையது. குர்ஆனை ஒன்றுசேர்க்கும் பெரும்பணி அவர்களிடமே ஒப்படைக்கப்பட்டது. அன்னாருக்கு முதுமையில் சிறுநீர் அடங்காத நோய் ஏற்பட்டது. இயன்றவரை அதைச் சமாளிப்பார்கள், மீறிப்போனால் ஒளு செய்துகொண்டு தொழுவார்கள் என்று அவர்களுடைய மகனார் காரிஜா (ரஹ்) வாயிலாக வந்துள்ளது. உமர் (ரலி) அவர்கள் கத்திக்குத்துப்பட்டு, காயத்திலிருந்து இரத்தம் வழிந்துகொண்டிருந்த நிலையிலேயே தொழுதார்கள். இவர்களையெல்லாம் நாம் 'சுத்தமில்லாதவர்கள்' என்று சொல்வோமா? நாவு கூசுகிறதல்லவா? அப்படியிருக்க, நம் வீட்டுக் கட்டிலில் கிடக்கும் பெரியவரை மட்டும் எப்படிச் சொல்கிறோம்?

"இப்படியெல்லாம் சலுகை சொன்னால் ஜனங்கள் அலட்சியமாகிவிட மாட்டார்களா?" என்று சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் சட்டத்தைக் கவனித்துப் பாருங்கள். நோயாளிக்கு அது விடுமுறை கொடுக்கவில்லை. வேறோர் அளவைக் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஹனஃபி மத்ஹபில், ஒரு தொழுகையின் வக்து முழுவதிலும் ஒளு செய்து ஃபர்ளு தொழும் அளவுக்குக்கூட ஒழுகாத இடைவெளி கிடைக்கவில்லையென்றால் அவர் மஃதூர், அதாவது தக்க காரணமுடையவர் ஆகிறார். அதன்பின் ஒவ்வொரு வக்திலும் ஒரு தடவையேனும் அந்நோய் தென்படும்வரை அந்த நிலை நீடிக்கும். வக்துக்கு ஒரு ஒளு செய்துகொண்டு, அந்த வக்து முடியும்வரை ஃபர்ளு, சுன்னத், களா எதையும் தொழலாம். ஒழுகும் நீரால் அந்த ஒளு முறியாது. வேறு காரணத்தால் முறியும். வக்து முடிந்ததும் அதுவும் முடியும். தொழுது முடிப்பதற்குள் துணி மறுபடியும் நனைந்துவிடும் என்ற நிலையிருந்தால், அதைக் கழுவியே தீரவேண்டும் என்பதில்லை. ஷாஃபியீ மத்ஹபில், வக்து வந்தபின் கழுவி, துணி வைத்துக் கட்டி, உடனே ஒளு செய்து தாமதிக்காமல் தொழ வேண்டும். ஓர் ஒளுவுக்கு ஒரு ஃபர்ளுதான், நஃபில்கள் எத்தனையும் தொழலாம். ஜமாஅத்தை எதிர்பார்த்துக் காத்திருப்பது குற்றமில்லை. குழாயும் பையும் உள்ளவர் தொழுகைக்கு முன் பையைக் காலி செய்துகொள்ளட்டும். அகற்ற முடியாத குழாய் அவருக்கு மன்னிக்கப்பட்டது. பள்ளிவாசலில் சொட்டிவிடும் என்ற அச்சம் இல்லாவிட்டால் அவர் ஜமாஅத்துக்கும் வரலாம்.

ஆரோக்கியமானவர்களுக்கும் ஒரு வார்த்தை. எழுந்து வந்த பிறகு ஒரு சொட்டு இறங்கியதோ என்று சந்தேகப்பட்டுக்கொண்டே இருப்பது வஸ்வாஸ். அதற்கு இந்தச் சட்டம் இல்லை. சந்தேகத்தைக் கொண்டு உறுதி நீங்காது என்பதே அதற்கு மருந்து.

கிடைக்காத சுத்தமும் கைவிட்ட சுத்தமும்

வைத்தியர்களும் ஒரு காலத்தில் இதே பிழையைச் செய்திருக்கிறார்கள். நரம்பு கெட்டுப் பை இயங்காதவர்களுக்கு அவ்வப்போது குழாய் செலுத்தி நீரை எடுப்பதென்றால், ஒரு கிருமிகூட இல்லாத கருவியும் கையுறையும் வேண்டும் என்றே கருதி வந்தார்கள். வீட்டில் அது நடக்கிற காரியமா? ஆகவே பலர் மாதக்கணக்கில் நிரந்தரக் குழாயோடு கிடந்தார்கள். 1972-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் லாப்பிடெஸ் என்ற மருத்துவர் வேறு வழியைக் காட்டினார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கழுவிய குழாயைக் கொண்டு, நாளில் சில தடவைகள் நோயாளி தானே நீரை எடுத்துக்கொண்டால் போதும் என்றார். முழுக்கக் கிருமியற்ற நிலை கிடைக்காமல் போவதைவிட, நீர் தேங்கிப் பை விரிந்து நிற்பதே பெரிய கேடு என்பது அவர் கண்ட உண்மை. இன்று உலகமெங்கும் இம்முறை வழக்கில் உள்ளது. இவ்வாறு எடுத்துக்கொள்பவருக்கு இடையில் ஒழுகாமலிருந்தால் அவர் மஃதூர் அல்ல. எடுத்தபின் கழுவி, எல்லோரையும் போல ஒளு செய்துகொள்ள வேண்டியதுதான்.

இதில் நமக்கொரு பாடம் உண்டு. கைக்கு எட்டாத சுத்தத்தைக் கேட்டுக்கொண்டு, எட்டுகிற சுத்தத்தைக் கைவிட்டுவிடுகிறோம். அந்தப் பெரியவர் செய்ததும் அதுவே. நிறைவான தஹாரத் இல்லையென்று, இயன்ற தஹாரத்தையும் தொழுகையையும் சேர்த்து விட்டார். அதற்கு மேல், தண்ணீர் குடிப்பதையும் குறைத்தார். நீர் குறைந்தால் குழாய் வழியே கிருமி பற்றுவது எளிதாகும், நோய் கூடும். பேணுதல் என்று நினைத்தது உடம்புக்கும் கேடாயிற்று, இபாதத்துக்கும் கேடாயிற்று.

ஹதீஸின் மறுபாதி

இனி, நான் பயானில் சொன்ன அந்த ஹதீஸுக்கு வருகிறேன். கப்ரில் வேதனைக்குள்ளானவர்களில் ஒருவர் சிறுநீர் விஷயத்தில் பேணாதவர். பேணாதவர் என்றால் யார்? பேண முடிந்தும் பேணாதவர். குழாயைத் திறந்து விட்டுவிட்டு உறங்கியவர். வெள்ளத்தில் வீடு இழந்தவர் அல்லர். இந்த வேறுபாட்டை நான் அன்று சொல்லவில்லை.

சொல்லாமல் விட்டது இன்னொன்றும் உண்டு. இரண்டாமவர் யார்? கோள் சொல்லித் திரிந்தவர். நாம் நோயாளியைப் பார்க்கும்போது ஹதீஸின் முதல் பாதி நினைவுக்கு வருகிறது. நம்மைப் பார்க்கும்போது இரண்டாம் பாதி நினைவுக்கு வருவதில்லை. "அந்த வீட்டுக்குள் நுழைந்தாலே வாடை", "பெரியவர் படுக்கையை நனைத்துவிடுகிறாராம்" என்று வீட்டுக்கு வீடு கொண்டுபோகிறோமே, இது என்ன? புறம் பேசுவதும் கோள் சொல்வதும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். நோயாளியின் நீர் அவர் வசத்தில் இல்லை. நம் நாவு நம் வசத்தில் இருக்கிறது. அப்படியானால், பேணுதல் தவறியவர் அங்கே யார்?

நாட்டுப்புறத்து அரபி ஒருவர் மஸ்ஜிதிலேயே சிறுநீர் கழித்தபோது ஸஹாபாக்கள் அதட்டினார்கள். நபி (ஸல்) அவர்களோ, அவரை இடையில் நிறுத்தாமல் விடச் சொல்லி, பிறகு ஒரு வாளித் தண்ணீரை அந்த இடத்தில் ஊற்றச் செய்தார்கள். தெரிந்தே கழித்தவருக்கு அந்தக் கருணை என்றால், தெரியாமல் கழிந்துவிடுகிற உங்கள் தாய் தந்தைக்கு எவ்வளவு கருணை வேண்டும்? ஒரு வாளித் தண்ணீரில் முடிகிற காரியத்துக்கு ஒரு மனிதருடைய மானத்தை விலையாக வாங்காதீர்கள்.

வீட்டார் செய்யக்கூடியது இன்னும் உண்டு. அக்கி என்று தெரிந்தால் எழுதிக்கொண்டு நாளைக் கடத்தாமல், மூன்று நாட்களுக்குள் மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்து தொடங்குவதற்கு ஏற்ற காலம் அதுவே. இடுப்புக்குக் கீழே கொப்புளம் கண்டு சிறுநீரும் நின்றால், ஒரு நாள்கூடப் பொறுக்காதீர்கள். குழந்தைகளுக்குப் போலியோ சொட்டு மருந்தைத் தவறவிடாதீர்கள்.

அன்று மஃரிப்

இவற்றையெல்லாம் அன்று அவரிடம் இவ்வளவு ஒழுங்காக நான் சொல்லவில்லை. ஸைத் இப்னு தாபித் (ரலி) அவர்களைப் பற்றி மட்டும் சொன்னேன். பெரியவர் நெடுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவங்களுக்குமா?" என்று கேட்டார். பிறகு மகளைக் கூப்பிட்டு, "பையைக் காலி பண்ணும்மா. ஒளு செய்யத் தண்ணி கொண்டா" என்றார். மஃரிபை அந்த அறையிலேயே தொழுதோம். நான் முன்னால் நின்றேன். அவர் கட்டிலில் உட்கார்ந்தபடி பின்தொடர்ந்தார்.

வெளியே வரும்போது பக்கத்து வீட்டு ஐயங்கார் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "பாய் எப்படி இருக்கார்?" என்று விசாரித்தார். தொழுதார் என்றேன். அவர் சற்று மௌனமாக இருந்துவிட்டுச் சொன்னார்: "எங்கப்பாவும் கடைசி ரெண்டு வருஷம் இப்படித்தான். மடி போயிடுத்துன்னு சொல்லிண்டு பெருமாளைச் சேவிக்கவே போகலை. யாராவது ஒரு பெரியவா வந்து, பரவாயில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்." சமயம் வேறாக இருக்கலாம். கட்டிலில் கிடப்பவர் அந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருப்பது எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

அடுத்த ஜும்ஆவில் அந்த ஹதீஸை மீண்டும் எடுத்து, அதன் இரு பாதிகளையும் சொன்னேன். சென்ற முறை நான் குறையாகச் சொன்னேன் என்பதையும் மிம்பரிலேயே சொன்னேன்.

ஏழாவது வாரம் குழாயை எடுத்தார்கள். இப்போது நீர் இறங்குகிறது. ஆனால் நேரமாகும், பொறுமையாக உட்கார்ந்திருக்க வேண்டும். பெரியவர் பள்ளிக்கு வரத் தொடங்கிவிட்டார். கடைசி சஃப்பில், கதவோரமாக நிற்கிறார். "முன்னால் வாங்க மாமா, உங்க இடம் காலியாத்தான் இருக்கு" என்று கையைப் பிடித்து அழைத்தேன். "இருக்கட்டும் ஹஜ்ரத். இங்கேன்னா ஒளுவுக்குப் போகச் சுலபம்" என்றார். ஒவ்வொரு ஃபர்ளுக்குப் பிறகும் ஒரு களா தொழுது வருகிறார். விடுபட்ட 132-இல் எத்தனை மீதியென்று அவருக்குக் கணக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

வல்ல ரஹ்மான், நம் சக்திக்கு உட்பட்டதில் பேணுதலையும், சக்திக்கு அப்பாற்பட்டதில் பொறுமையையும், நோயுற்றோர்பால் கருணையையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.